ஹோம் தியேட்டர் கம்ப்யூட்டரில் நல்ல சத்தம்: எர்த்தில் தொடங்கி எக்ஸ்க்ளூசிவ் மோட் வரை

டிவிக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டரை வைத்து அதிலிருந்து பாட்டும் படமும் நல்ல தரத்தில் கேட்க வேண்டும் என்று நினைக்கும் செங்கோட்டை, தென்காசி, புளியரை வட்டாரத்துக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். இதைப் பற்றி இணையத்தில் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் வேறு ஊர், வேறு கரண்ட், வேறு மாதிரி வீடு. நம் பக்கம் ஆனியிலிருந்து சாரல் அடிக்கும், வோல்டேஜ் ஏறி இறங்கும், ஐப்பசியில் இடி விழும், ஒரு நல்ல கடைக்குப் போக வேண்டுமென்றால் கிழக்கே திருநெல்வேலி, இல்லையென்றால் மலை தாண்டித் திருவனந்தபுரம். அரைகுறையாகத் தெரிந்துகொண்டு வரிசை மாற்றிச் செய்தால் காசும் போகும், பொழுதும் போகும். நான் பட்டது போதும், நீங்கள் நேராகப் போங்கள்.

ஃபைலில் இருக்கும் எண்கள் யார் கையும் படாமல் டிஏசி வரை போய்ச் சேர வேண்டும். டிஜிட்டல் பக்கத்தில் நம் வேலை அவ்வளவுதான். டிஏசி என்றால் அந்த எண்களை மின் அலையாக மாற்றும் பகுதி. ரிசீவருக்குள்ளேயே (வரும் ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கர்களை ஓட்டும் பெட்டி) இருக்கும், தனிப் பெட்டியாகவும் கிடைக்கும். வழியில் விண்டோஸ் கை வைக்கும், டிவி கை வைக்கும், சில சமயம் பிளேயரே கை வைக்கும். அவர்களை விலக்கப் பைசா செலவில்லை, எந்த இடத்தில் எந்த டிக்கை எடுக்க வேண்டும் என்று தெரிந்தால் போதும். கையில் இருக்கும் காசு ஸ்பீக்கருக்கும் அறைக்கும் எர்த்துக்கும் போகட்டும்.

1. எதையும் வாங்குவதற்கு முன் எர்த்

மூணு பின் சாக்கெட் இருந்தால் எர்த்தும் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். ஐநூறு ரூபாய்க்குள் ஒரு மல்டிமீட்டர் கிடைக்கும். ஏசி வோல்டேஜில் வைத்து ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும், ஃபேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் அளந்து பாருங்கள். முதல் இரண்டும் 230ஐ ஒட்டி ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும், மூன்றாவது ஓரிரு வோல்ட்டோடு நிற்க வேண்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 60, 90 என்று முள் எங்கேயோ தள்ளாடினால் அந்த சாக்கெட்டில் எர்த் இல்லை. கரண்ட் ஓடும் சாக்கெட்டில் கம்பியை வைத்துப் பழக்கமில்லாதவர்கள் வயர்மேனைக் கூப்பிட்டுவிடுங்கள், இதில் வீரம் காட்ட வேண்டாம்.

எங்கள் வீட்டில் வயர்மேன் தம்பி ஸ்விட்ச் போர்டைக் கழற்றிக் காட்டினார். பச்சை ஒயர் சுவருக்குள்ளிருந்து வந்திருந்தது, அரை விரல் நீளத்துக்கு. நுனியில் கறுப்பு டேப்பைச் சுற்றி உள்ளே மடக்கி வைத்திருந்தார்கள். "ஒயர் எல்லாம் ஒழுங்கா இழுத்திருக்கு அண்ணாச்சி, மாட்டத்தான் மறந்துட்டாங்க" என்றார். வீடு கட்டி வருஷக்கணக்காகிறது.

கம்ப்யூட்டரின் பவர் சப்ளைக்குள் இரைச்சலை வடிகட்ட இரண்டு கெப்பாசிட்டர்கள் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே கேஸோடு சேர்ந்திருக்கும். எர்த் இல்லாவிட்டால் அந்தக் கேஸ் மெயின்ஸில் பாதி வோல்டேஜில், சுமார் 115ல், மிதந்துகொண்டிருக்கும். வெறுங்காலோடு தொட்டால் சுருக்கென்று இழுப்பது அதனால்தான். இந்தக் கரண்ட் மிகக் குறைவு என்பதால் பொதுவாக ஆளைக் கொல்லாது. ஆனால் அதே கரண்ட் ஆடியோ கேபிள் வழியாக ஆம்ப்ளிஃபையருக்குள் போனால் உம்ம்ம் என்று இரைச்சல் வரும், எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது எச்டிஎம்ஐ கேபிளைச் சொருகினால் போர்ட்டே போய்விடவும் வாய்ப்பு உண்டு. ரிசீவரின் எச்டிஎம்ஐ போர்டு போனால் செலவு என்ன என்று சர்வீஸ் சென்டரில் கேட்டுப் பாருங்கள், எர்த் குழி வெட்டுவது மலிவாகத் தெரியும். எங்கள் தெருவில் புதிதாகக் குழி வெட்டி ஜிஐ பைப் இறக்கிக் கரியும் உப்பும் போட்டவர்களுக்கு ஐந்தாயிரத்திலிருந்து எட்டாயிரம் வரை ஆனது. ஒரு நாள் வேலை.

எர்த் சரியாக இருந்தும் இரைச்சல் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கேபிள் டிவி அல்லது டிடிஎச் ஒயர். அதை செட்டாப் பாக்ஸிலிருந்து கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் காரணம் அந்த ஒயர்தான், அது தனியாக வேறொரு எர்த்தைக் கொண்டு வருகிறது. டிவி, ரிசீவர், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் ஒரே சாக்கெட்டிலிருந்து கரண்ட் கொடுங்கள், அப்போதும் போகவில்லை என்றால் இரண்டாம் படியில் சொல்லும் ஆப்டிகல் கேபிளுக்கு மாறுங்கள். பிளக்கின் எர்த் பின்னை உடைத்தால் இரைச்சல் போய்விடும் என்று யாராவது வந்து சொல்வார். போகும்தான். செய்யாதீர்கள்.

இதை முதல் படியாக வைத்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. ஆன்லைனில் வாங்கும் பெரும்பாலான பொருள்களுக்கு மாற்றிக்கொள்ளும் கெடு ஏழிலிருந்து பத்து நாள். ஆஃபர் ஓடுகிறதே என்று பொருளை முதலில் வாங்கிப் போட்டுவிட்டு எர்த் வேலைக்கு ஆளைத் தேடினால், வயர்மேன் கல்யாண சீசனில் பந்தல் வேலைக்குப் போயிருப்பார், கெடு போய்விடும்.

2. எந்தக் கேபிள் வழியாகப் போகப் போகிறது

படம்தான் முக்கியம், 5.1 ஸ்பீக்கர் (ஐந்து ஸ்பீக்கரும் தாழ்ந்த ஒலிக்கு ஒரு சப்வூஃபரும்) வைக்கப் போகிறோம் என்றால் எச்டிஎம்ஐ வழியாக ஏவி ரிசீவர். இந்த ஒரே கேபிளில் எட்டு சேனல் பிசிஎம், அதாவது சுருக்காத ஒலி, 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் வரை போகும். ப்ளூரே படங்களில் வரும் இழப்பில்லாத ஒலி வகைகளான டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ் எச்டி மாஸ்டர் ஆடியோ இரண்டும் அப்படியே போகும்.

பாட்டுதான் முக்கியம், இரண்டு ஸ்பீக்கர் போதும் என்றால் யூஎஸ்பி டிஏசி, அதிலிருந்து ஆம்ப்ளிஃபையர் அல்லது பவர் உள்ள ஸ்பீக்கர். இதற்குப் பத்தாயிரத்துக்குள் கிடைக்கும் டிஏசியே வீட்டுக்குத் தாராளம். விண்டோஸ் 10க்கு 2017ல் வந்த அப்டேட்டிலிருந்து யூஎஸ்பி ஆடியோ கிளாஸ் 2 (இன்றைய டிஏசிகள் பெரும்பாலும் பின்பற்றும் யூஎஸ்பி ஒலித் தரம்) கருவிகளுக்குத் தனி டிரைவர் தேவையில்லை, சொருகினாலே வேலை செய்யும். லினக்ஸிலும் மேக்கிலும் அதற்கு முன்பே அப்படித்தான்.

ஆப்டிகல் கேபிளில் இரண்டு சேனல் பிசிஎம் போகும், இல்லையென்றால் சுருக்கிய டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் 5.1 போகும். ட்ரூஎச்டி போகாது. ஆனால் அது வெளிச்சம் போகும் கேபிள், மின்தொடர்பே கிடையாது, அதனால் எர்த் இரைச்சல் அந்த வழியாக வர முடியாது. பாட்டு மட்டும் கேட்பவர்களுக்கு இது அருமையான வழி.

நம் ஊரில் அதிகம் பார்க்கும் தப்பு, கம்ப்யூட்டரை டிவியில் சொருகி டிவியிலிருந்து சவுண்ட்பாருக்கோ ரிசீவருக்கோ ஏஆர்சி (எச்டிஎம்ஐ கேபிளிலேயே டிவியின் ஒலி திரும்பி வரும் வசதி) வழியாக எடுப்பது. பழைய ஏஆர்சி இரண்டு சேனல் பிசிஎம் அல்லது சுருக்கிய ஒலியைத்தான் கொண்டுபோகும். டிவி, ரிசீவர் இரண்டிலுமே அதன் புதிய வடிவமான இஏஆர்சி இருந்தால் பிரச்சினை இல்லை. இல்லாவிட்டால் கம்ப்யூட்டரிலிருந்து ரிசீவர், ரிசீவரிலிருந்து டிவி என்று மாட்டுங்கள். நடுவில் டிவி நின்றால் அது என்ன செய்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, டிவி விற்றவருக்கும் தெரியாது.

கேபிளுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டாம். எச்டிஎம்ஐயிலும் யூஎஸ்பியிலும் எண்கள் போய்ச் சேரும், அல்லது படபடவென்று வெட்டும், படம் மறையும். தங்க முலாம் பூசியதால் பாட்டு இனிப்பது கிடையாது. பட்ஜெட் இறுக்கமாக இருந்தால் ஐந்து சுமாரான ஸ்பீக்கர் வாங்குவதைவிட இரண்டு நல்ல ஸ்பீக்கர் வாங்குங்கள், பின்னால் சேர்த்துக்கொள்ளலாம்.

3. கம்ப்யூட்டர்

புதுசு தேவையே இல்லை. ஆபீஸ்களிலிருந்து கழித்துவிடும் சின்ன மினி பிசி, ஒரு தடிமனான அகராதி அளவில் இருக்குமே, அது போதும். எட்டாம் தலைமுறை இன்டெல் பிராசசரும் எட்டு ஜிபி ரேமும் உள்ளது பத்திலிருந்து பதினாறாயிரத்துக்குள் அகப்படும். ஏன் எட்டாம் தலைமுறை என்றால், விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது, விண்டோஸ் 11 முறைப்படி எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும். ஆறாம், ஏழாம் தலைமுறை மெஷின்களை இப்போது தள்ளிவிடுகிற விலையில் விற்கிறார்கள். விண்டோஸ் வேண்டாம், லினக்ஸ் அல்லது லிப்ரஎலெக் (கோடி என்ற பிளேயரை ஓட்டுவதற்கென்றே செய்த லினக்ஸ்) போட்டுக்கொள்கிறேன் என்பவர்கள் அவற்றைத் தைரியமாக வாங்கலாம்.

பின்பக்கத்தைப் பார்க்காமல் வாங்காதீர்கள். பல மினி பிசிக்களில் டிஸ்ப்ளே போர்ட் மட்டும் இருக்கும், எச்டிஎம்ஐ இருக்காது. மாற்றுக் கனெக்டர் போட்டால் சத்தமும் சேர்ந்தே வரும், ஆனால் மலிவான கனெக்டர்களில் 4கே படம் 60 ஹெர்ட்ஸில் வராமல் 30ல் நின்றுவிடும்.

உள்ளே எஸ்எஸ்டி இருக்கட்டும். பாட்டு, படம் வைத்திருக்கும் பெரிய ஹார்ட் டிஸ்க் சுழல்கிற சத்தம் ராத்திரியில் நன்றாகவே கேட்கும், முடிந்தால் அதை வேறு அறையில் ரவுட்டர் பக்கம் வைத்து லேன் கேபிளில் எடுங்கள். ஃபேன் சத்தம் கேட்கிறது என்று கம்ப்யூட்டரை டிவி அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்துகிறவர்கள் இருக்கிறார்கள். சூடாகி ஃபேன் இன்னும் வேகமாகச் சுற்றும்.

4. பில், வாரண்டி, மலைக்கு அந்தப்பக்கம் வாங்குவது

நமக்கு மதுரையைவிடத் திருவனந்தபுரம் கிட்ட. அங்கே கடைகளில் உட்கார்ந்து கேட்டுப் பார்த்து வாங்கலாம், பேச்சும் தமிழும் மலையாளமும் கலந்து எப்படியோ ஓடிவிடும். ஆனால் பில் விஷயத்தில் கறாராக இருங்கள்.

"பில் வேண்டாம்னா 18 சதவீதம் குறைச்சுக்கலாம்" என்பார்கள். இரண்டு பக்கக் கடைகளிலும் இந்தப் பேச்சு உண்டு. நான் போன ஒரு கடையில், பெயர் வேண்டாம், பில் கேட்டதும் ஒரு வெள்ளைத் துண்டுச் சீட்டில் எஸ்டிமேட் என்று எழுதிக் கொடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டு எந்த சர்வீஸ் சென்டர் வாசலிலும் நிற்க முடியாது. பில்லில் கடையின் ஜிஎஸ்டி எண், உங்கள் பெயர், மாடல், சீரியல் நம்பர் நான்கும் இருக்க வேண்டும். அந்த சீரியல் நம்பரும் பெட்டியின் மேல் உள்ளதும் கருவியின் அடியில் உள்ளதும் ஒன்றுதானா என்று கடையிலேயே பாருங்கள். பில்லை அன்றைக்கே போட்டோ எடுத்துவிடுங்கள், தெர்மல் பேப்பர் பில் ஒரு சாரல் சீசன் தாண்டினால் வெறும் வெள்ளைத்தாள்.

பாதி விலைக்கு வரும் ரிசீவர்கள் பல, வேறு நாட்டுச் சந்தைக்குச் செய்தவை. இந்திய வாரண்டி கிடையாது, சில 110 வோல்ட் மாடலாகக்கூட இருக்கும். பின்பக்கம் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுக் காசைக் கொடுங்கள். வெளிநாட்டிலிருந்து நேரடியாக டிஏசி வரவழைத்தால் கூரியர்க்காரர் ஆதார் அல்லது பான் கேட்பார், சுங்க வரியும் ஐஜிஎஸ்டியும் சேரும், வாரண்டிக்குத் திருப்பி அனுப்பும் செலவு உங்கள் தலையில். இங்கே கிடைக்கும் விலையோடு இத்தனையையும் கூட்டிப் பார்த்தால் மிச்சம் ஒன்றும் இருக்காது.

காரில் வைத்துப் புளியரை வழியாகக் கொண்டு வரும்போது பில் கையில் இருக்கட்டும். 2017ல் ஜிஎஸ்டி வந்தபின் பழைய வரிச் சோதனைச் சாவடி கிடையாது, இருந்தாலும் போலீஸ் வண்டியை நிறுத்திப் பெட்டி என்ன என்று கேட்டால் காட்ட ஒரு தாள் வேண்டும்.

அப்புறம் ஒன்று, பலருக்குத் தெரியாதது. கேரளாவில் வாங்கிய பொருள் பழுதாகி கடைக்காரர் கைவிரித்தால் வழக்குக்காக அங்கே அலைய வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், பொருளின் விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. அதற்கும் கேட்பது அதே பில்தான்.

5. விண்டோஸை வழியிலிருந்து விலக்குவது

விண்டோஸில் ஓடும் எல்லாச் சத்தமும், பாட்டு, வாட்ஸ்அப் டிங், அப்டேட் அறிவிப்பு எல்லாம், மிக்சர் என்ற இடத்தில் ஒன்றாகக் கலக்கும். பந்தியில் சாம்பாருக்கும் பாயசத்துக்கும் ஒரே கரண்டியைப் போடுவது மாதிரி. கலப்பதற்காக எல்லாவற்றையும் ஒரே ரேட்டுக்கு (நொடிக்கு எத்தனை எண்கள் என்ற கணக்கு) மாற்றும், பெரும்பாலும் 48 கிலோஹெர்ட்ஸ். சிடி பாட்டு 44.1. அதனால் ஒவ்வொரு பாட்டும் வழியில் மறுகணக்குப் போடப்பட்டுத்தான் வெளியே வரும்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இந்த மறுகணக்கால் வரும் வித்தியாசம் காதுக்குப் பெரிதாகத் தெரியாது. தெரிவது மற்ற விஷயங்கள்: தானாக ஆன் ஆகியிருக்கும் என்ஹான்ஸ்மென்ட், ஸ்பேஷியல் சவுண்ட், சத்தத்தைச் சமப்படுத்தும் லவுட்னஸ். இவைதான் பாட்டைக் கெடுக்கின்றன. ஆகவே முதலில் அவற்றை அணையுங்கள். கண்ட்ரோல் பேனலில் உள்ள பழைய சவுண்ட் ஜன்னலைத் திறந்து, உங்கள் டிஏசியையோ ரிசீவரையோ தேர்ந்து பிராப்பர்ட்டீஸ் போங்கள். என்ஹான்ஸ்மென்ட் எல்லாம் ஆஃப், ஸ்பேஷியல் ஆஃப். அட்வான்ஸ்டு பக்கத்தில் எக்ஸ்க்ளூசிவ் மோட் (ஒரு பிளேயர் மட்டும் கருவியைத் தனியே பிடித்துக்கொள்ள விடுவது) என்ற தலைப்பின் கீழ் உள்ள இரண்டு டிக்கும் இருக்கட்டும்.

பாட்டுக்கு ஃபூபார்2000 போடுங்கள், இலவசம். பிரிஃபரன்ஸில் அவுட்புட் பட்டியலைத் திறந்தால் உங்கள் கருவியின் பெயர் இரண்டு தடவை வரும், ஒன்றில் எக்ஸ்க்ளூசிவ் என்று சேர்த்திருக்கும். அதைத் தேர்ந்து, 24 பிட் வையுங்கள். இனிமேல் பாட்டு ஓடும்போது மிக்சரைத் தாண்டி நேராக டிஏசிக்குப் போகும். வாட்ஸ்அப் டிங் கேட்காது, அதுவே பெரிய நிம்மதி.

கவனம்: எக்ஸ்க்ளூசிவ் மோடில் விண்டோஸின் வால்யூம் பட்டை வேலை செய்யாமல் போகலாம், பாட்டு முழுச் சத்தத்தில் அடிக்கும். முதல் தடவை ஆம்ப்ளிஃபையரின் வால்யூமைக் கீழே இறக்கிவிட்டு பிளே அழுத்துங்கள். அதன் பிறகும் கம்ப்யூட்டரில் வால்யூமை நூறிலேயே வைத்து, கூட்டுவதும் குறைப்பதும் ஆம்ப்ளிஃபையரில்தான் என்று பழகிக்கொள்ளுங்கள். ஒலியைத் திருத்தும் ஈக்வலைசர் ஏபிஓ மென்பொருளை வைத்திருப்பவர்கள், அது எக்ஸ்க்ளூசிவ் மோடில் ஒன்றும் செய்யாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

லினக்ஸில் ஒலியைக் கையாளும் பைப்வயர் ஓடினால் அதுவும் 48க்கே மாற்றும். அனுமதிக்கும் ரேட்டுகளின் பட்டியலில் 44100ஐச் சேர்த்தால் பாட்டுக்குத் தகுந்தபடி தானே மாறிக்கொள்ளும்.

பாட்டு நடுவில் டப் டப் என்று வெட்டினால் லேட்டன்சிமான் என்ற இலவசக் கருவியை ஓடவிட்டு எந்த டிரைவர் இழுக்கிறது என்று பாருங்கள். பல வீடுகளில் வைஃபை டிரைவர்தான் மாட்டும். லேன் கேபிள் போட்டு வைஃபையை அணைத்தால் தீரும்.

6. சரியாகப் போகிறதா என்று பார்ப்பது

ரிசீவரின் முகப்பில் அல்லது டிஏசியின் சின்னத் திரையில் ஓர் எண் தெரியும். ரிசீவரில் இன்ஃபோ பட்டனை அழுத்த வேண்டியிருக்கும். சிடி பாட்டு ஓடும்போது 44.1 காட்ட வேண்டும், படம் ஓடும்போது 48, 96 கிலோஹெர்ட்ஸ் ஃபைலைப் போட்டால் 96. எதைப் போட்டாலும் 48லேயே நிற்கிறது என்றால் இன்னும் யாரோ நடுவில் நிற்கிறார்கள். சில டிஏசியில் எண் இல்லாமல் விளக்கின் நிறம் மாறும், எந்த நிறம் எந்த ரேட் என்று அதன் கையேட்டில் இருக்கும்.

எண் சரியாக இருந்தாலே உள்ளே எதுவும் மாறவில்லை என்று ஆகிவிடாது. அதற்கு ஒரு பழைய உத்தி இருக்கிறது, ரிசீவர் வைத்திருப்பவர்களுக்கு மட்டும். டிடிஎஸ் ஒலியைச் சாதாரண 16 பிட் 44.1 ஸ்டீரியோ வேவ் ஃபைல் போல வேஷம் போட்டு அடைத்த சோதனை ஃபைல்கள் கிடைக்கும். அதை எக்ஸ்க்ளூசிவ் மோடில் ஓடவிடுங்கள், பிளேயரில் வால்யூம் நூறு, ரீப்ளே கெயின் (பாட்டுகளின் சத்த அளவைச் சமப்படுத்துவது) ஆஃப், டிடிஎஸ் டிகோடர் எதுவும் சேர்த்திருக்கக் கூடாது. ஒரு பிட்கூட மாறாமல் போனால் ரிசீவர் அதை அடையாளம் கண்டு முகப்பில் டிடிஎஸ் என்று எரியும், ஐந்து ஸ்பீக்கரிலும் சத்தம் வரும். வழியில் யாராவது தொட்டிருந்தால் வெறும் ஸ்ஸ்ஸ் என்று இரைச்சல்தான். அந்த இரைச்சல் காட்டமாக இருக்கும், ஆம்ப்ளிஃபையரைக் குறைத்து வைத்துவிட்டுச் சோதியுங்கள். அந்த டிடிஎஸ் விளக்கு ஒரு தடவை எரிந்துவிட்டால் அப்புறம் செட்டிங்ஸ் பக்கமே போக வேண்டியதில்லை.

7. படம்: வசனம் ஏன் கேட்பதில்லை

எல்லை ஊர்க்காரர்கள் தமிழும் பார்ப்போம், மலையாளமும் பார்ப்போம். படப்பிடிப்பு இடத்திலேயே பதிவு செய்த வசனம் உள்ள படங்களில் ஆட்கள் முணுமுணுப்பாகப் பேசுவார்கள், கேட்கவில்லை என்று கூட்டினால் அடுத்த நிமிஷம் செண்டை மேளம் வந்து பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார். இதில் படத்தின் பங்கு கொஞ்சம்தான். 5.1 ஒலியில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கு வரும். உங்களிடம் இரண்டு ஸ்பீக்கர்தான் இருக்கிறது, ஆனால் செட்டிங்கில் 5.1 என்று கிடக்கிறது என்றால், இல்லாத நடு ஸ்பீக்கருக்கு வசனம் போய்க்கொண்டிருக்கும்.

படத்துக்குக் கோடி என்ற பிளேயரை எடுத்துக்கொண்டால், சிஸ்டம் செட்டிங்ஸில் ஆடியோ பக்கம் போய்க் கீழே இடது மூலையில் உள்ள லெவலை எக்ஸ்பர்ட் ஆக்குங்கள். அவுட்புட் கருவியில் வசாபி (WASAPI) என்று தொடங்கும் வரியைத் தேர்வு செய்யுங்கள், டைரக்ட்சவுண்ட் வேண்டாம். சேனல் எண்ணிக்கை உங்களிடம் உண்மையில் உள்ள ஸ்பீக்கர் எண்ணிக்கைப்படி, இரண்டுதான் இருந்தால் 2.0. அவுட்புட் கான்ஃபிகரேஷன் பெஸ்ட் மேட்ச். ரிசீவர் இருந்தால் பாஸ்த்ரூ (ஒலியைப் பிரிக்காமல் அப்படியே ரிசீவருக்கு அனுப்புவது) ஆன் செய்து, அந்த ரிசீவர் ஏற்கும் வகைகளுக்கு மட்டும் டிக் போடுங்கள், ஏற்காததற்கு டிக் போட்டால் சத்தமே வராது. பிளேயர் பக்கத்தில் சிங்க் பிளேபேக் டு டிஸ்ப்ளே ஆஃப் ஆக இருக்க வேண்டும். அது ஆன் ஆக இருந்தால் ஒலியை மறுகணக்குப் போடும், பாஸ்த்ரூவும் நடக்காது.

ரிசீவர் உள்ளவர்கள் அதிலேயே நடு ஸ்பீக்கரின் அளவை இரண்டு மூன்று டெசிபெல் கூட்டினாலே வசனம் தெளியும். ராத்திரிக்கு நைட் மோட் அல்லது டைனமிக் ரேஞ்ச் என்று ஒன்று இருக்கும், அதைப் போட்டுக்கொள்வதில் வெட்கமில்லை.

ஒவ்வொரு பாட்டிலும் முதல் அரை நொடி வெட்டுப்படுகிறதா? சத்தம் நின்றதும் எச்டிஎம்ஐ தூங்கி, அடுத்த பாட்டுக்கு எழுந்திருக்க நேரமெடுக்கிறது. கோடியிலேயே ஆடியோ கருவியை விழிப்பாக வைக்கும் கீப் அலைவ் செட்டிங் உண்டு, ஆல்வேஸ் போட்டுவிடுங்கள். டிவியையோ ரிசீவரையோ அணைத்தால் விண்டோஸ் அந்தக் கருவியே இல்லை என்று நினைத்து வேறு பக்கம் சத்தத்தைத் தள்ளும், அதனால் ரிசீவரை ஆன் செய்துவிட்டுக் கம்ப்யூட்டரை எழுப்புங்கள்.

8. ஃபைல்கள்

யூடியூபிலிருந்து இறக்கி ஃப்ளாக் (இழப்பில்லாமல் சுருக்கும் ஃபைல் வகை) ஆக மாற்றி "லாஸ்லெஸ்" என்று பென்டிரைவில் கொடுப்பவர்களை நம்பாதீர்கள். போனது போனதுதான், பெட்டியை மாற்றினால் திரும்பி வராது. ஸ்பெக் என்ற இலவசக் கருவியில் ஃபைலை இழுத்துப் போட்டால் அலைவரிசைப் படம் வரும். சிடியிலிருந்து நேராக எடுத்தது 20, 22 கிலோஹெர்ட்ஸ் வரை ஏறி இறங்கும். 128 கேபிபிஎஸ் எம்பி3யிலிருந்து வந்தது 16ல் கத்தியால் வெட்டியது போல நிற்கும். 24 பிட் 192 என்ற எண்ணிலும் மயங்க வேண்டாம். காருக்குறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரப் பதிவை எத்தனை பெரிய ஃபைலாக ஆக்கினாலும் அந்தக் காலத்து டேப்பில் இல்லாதது அதில் வராது. நல்ல மூலத்திலிருந்து எடுத்த 16 பிட் 44.1 போதும். சாரல் ஓட்டின் மேல் விழுகிற சத்தத்தில் அதற்கு மேல் என்ன கேட்டுவிடப் போகிறது?

வீட்டில் பழைய சிடி இருந்தால் அதுதான் சொத்து. எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற மென்பொருளை வைத்து செக்யூர் மோடில் எடுங்கள். எடுத்தது சரியா என்று மற்றவர்கள் எடுத்ததோடு ஒப்பிட்டுச் சொல்லும் அக்குரேட்ரிப் வசதி இருக்கிறது, ஆனால் நம் தமிழ் சிடிக்கள் பல அந்தப் பட்டியலில் இருக்காது. கவலைப்படாமல் டெஸ்ட் அண்ட் காப்பி கொடுங்கள், இரண்டு தடவை படித்து இரண்டு சிஆர்சி எண்ணும் (படித்ததன் சரிபார்ப்பு எண்) ஒன்றாக இருந்தால் போதும். நல்ல சிடிக்குப் பத்து நிமிஷம் ஆகும், பூஞ்சை பிடித்ததற்கு ஒரு மணி நேரம்கூட ஆகும். பூஞ்சையைத் துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்க்கோட்டில் துடையுங்கள், சுற்றிச் சுற்றித் துடைக்காதீர்கள்.

டேக் போடுவதில் சினிமாப் பாட்டுக்கென்று ஒரு தொல்லை உண்டு. ஒவ்வொரு பாட்டுக்கும் பாடகர் வேறு, ஆர்ட்டிஸ்ட் இடத்தில் பாடகர் பெயரைப் போட்டால் பல பிளேயர்களில் ஒரே படம் ஆறு ஆல்பமாகச் சிதறும். ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் இடத்தில் இசையமைப்பாளர் பெயரைப் போடுங்கள், கம்போசரிலும் அதே. இளையராஜா என்று ஓரிடத்தில் தமிழிலும் இன்னோரிடத்தில் ஆங்கிலத்திலும் எழுதினால் அவர் இரண்டு ஆளாகிவிடுவார், எதிலாவது ஒன்றில் நில்லுங்கள்.

எண்பதுகளின் பாட்டு மெதுவாகவும் இந்தக் காலத்துப் பாட்டு காதைப் பிளப்பதாகவும் இருக்கும். ஃபூபாரில் எல்லாவற்றையும் தேர்ந்து ரீப்ளே கெயின் ஸ்கேன் கொடுங்கள், ஆல்பம் வாரியாக. இது எண்களைத் தொடும்தான், ஆனால் அவுட்புட் 24 பிட்டில் இருப்பதால் இழப்பு காதுக்கு எட்டாது. எழுந்து எழுந்து வால்யூமைத் திருகுவதற்கு இது மேல்.

9. அறை

டைல்ஸ் தரை, சிமெண்ட் சுவர், கண்ணாடி ஜன்னல். கையைத் தட்டிப் பாருங்கள், டிங் என்று ஓர் உலோகச் சத்தம் திரும்பி வந்தால் எந்த டிஏசியும் காப்பாற்றாது. ஸ்பீக்கருக்கும் நீங்கள் உட்காரும் இடத்துக்கும் நடுவே தரையில் தடிமனான கம்பளம், பின் சுவரில் கனமான திரை. பாய் விரித்தால் போதுமா என்றால் போதாது, பாய் மெலிசு. வீட்டில் பழைய இலவம்பஞ்சு மெத்தை இருந்தால் உறை மாற்றி மூலையில் நிறுத்திப் பாருங்கள், கடையில் விற்கும் மெல்லிய ஃபோமைவிட நன்றாகச் சத்தத்தைக் குடிக்கும்.

ஸ்பீக்கரைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், ஓர் அடியாவது முன்னால். இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் ஒரு சமபக்க முக்கோணம், ட்வீட்டர் (உச்ச ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) காது உயரத்தில். சப்வூஃபர் இருந்தால் கிராஸ்ஓவரை (எதற்குக் கீழ் உள்ள ஒலி சப்வூஃபருக்குப் போகும் என்ற எல்லை) 80 ஹெர்ட்ஸில் தொடங்குங்கள். இதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும், போகட்டும். மேலே சொன்ன எல்லா செட்டிங்கும் சேர்ந்து தருவதைவிட அதிக வித்தியாசம் இங்கேதான் தெரியும்.

10. சாரலும் இடியும்

ஈரத்தில் ஆர்சிஏ (சிவப்பு, வெள்ளை ஆடியோ பிளக்) முனைகள் கறுத்துக் கரகரப்பு வரும். வருஷம் ஒரு தடவை, சாரல் முடிந்ததும், எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள், மெடிக்கலிலோ மொபைல் ரிப்பேர் கடையிலோ கிடைக்கும். மேற்குச் சுவர் ஓதம் காக்கும் வீடுகளில் அந்தச் சுவரோடு ரேக்கை வைக்க வேண்டாம்.

ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஆம்ப்ளிஃபையர் உறுமும், சைன் வேவ் வாங்குங்கள். கம்ப்யூட்டருக்குத் தனியாகச் சின்ன யுபிஎஸ், அதுவும் ஹார்ட் டிஸ்க் இருந்தால் கட்டாயம். அதன் பேட்டரி மூன்று நான்கு வருஷத்துக்கு மேல் தாங்காது, மாட்டிய தேதியை மார்க்கரில் பெட்டி மேலேயே எழுதிவிடுங்கள்.

இடி மேகம் கூடினால் ஸ்விட்சை அணைப்பது போதாது, பிளக்கை உருவ வேண்டும். அதோடு நிற்காமல் டிடிஎச் ஒயரையும், தெருவிலிருந்து செம்புக் கம்பியில் வரும் இன்டர்நெட் ஒயர் இருந்தால் அதையும் கழற்றுங்கள். எச்டிஎம்ஐ போர்ட்டுகள் போவது கரண்ட் வழியாக மட்டுமல்ல, மொட்டை மாடி டிஷ்ஷிலிருந்து இறங்கும் அந்த ஒயர் வழியாகவும்தான். ஃபைபர் நேராக வீட்டுக்குள் வந்தால் ஃபைபரைத் தொட வேண்டாம், அந்த மோடத்தின் அடாப்டரை மட்டும் உருவினால் போதும்.